பேசிக்கொண்டே செய்யவும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் வாண்டும் நலம். நேற்று மதியம் கிண்ணத்தைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். நீ போன தடவை கேட்ட கொசுவலையும் ஜன்னலுக்கு அடித்தாயிற்று.

சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. குழாய் வாஷரைப் பற்றிச் சொல்ல யாரும் நான்கு தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே அம்மா உனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வாண்டுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை, மெஷின் வைத்தால்தான் கொஞ்சம் கேட்கும் என்று. அதற்குப் பிறகு இரண்டு நாள் நீ பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி அனுப்பினாய். "எப்பப்பா தெரிஞ்சுது?"

வழக்கம்போல் கட்டைவிரல் படத்தை அனுப்பப் போன விரலை நானே பிடித்து நிறுத்தினேன். இந்தக் கேள்விக்குக் கட்டைவிரலால் பதில் சொல்ல முடியாது. போனில் பேசினால், எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி முடித்துவிடுவேன். அதனால்தான் கடிதம். உன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலிலிருந்து சொல்கிறேன். பதினான்கு மாதக் குழந்தையாக அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனபோது, உங்கள் இருவருக்கும் அங்கே குடும்பக் குடியிருப்பு கிடைக்கிற வரைக்கும்தான் என்று சொன்னாய். போகிற அன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாய். அதில் பன்னிரண்டு விளையாட்டுகள். துவைத்த காலுறைகளில் ஜோடி சேர்ப்பது. டப்பாவுக்குப் பொருத்தமான மூடியைத் தேடுவது. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. படிக்கட்டு ஏறும்போது எண்ணுவது. பொம்மை எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும், இந்த வயதில் விளையாட்டுதான் படிப்பு என்று எனக்கு விளக்கமாகச் சொன்னாய். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய்: பேசிக்கொண்டே செய்யவும்.

பன்னிரண்டு இடத்தில் எழுதியிருந்தாய். தினம் காலையில் பால் எடுக்கும்போது அதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு விளையாட்டையும் ஒருநாள் விடாமல் விளையாடினோம். பேசுவதை மட்டும் செய்யவில்லை.

நானும் அம்மாவும் எப்படிப் பேசுகிறவர்கள் என்று உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆணித் தொழிற்சாலை. பதினாறு எந்திரம் ஒரே கூரையின் கீழே கம்பியை வெட்டி, தலையை அடித்துத் தள்ளும்போது அங்கே வாயைத் திறப்பது வீண். நெஞ்சில் இரண்டு குத்து என்றால் எந்திரத்தை நிறுத்து. சுண்டுவிரல் உதட்டில் பட்டால் டீ வந்தாயிற்று. தோளில் இரண்டு விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார், வேலையைப் பார். பேக்கிங் பகுதியில் நின்ற உன் அம்மாவிடம் நான் கல்யாணப் பேச்சை எடுத்ததே கையால்தான். அவள் சம்மதம் சொன்னதும் கையால்தான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் எங்களுக்கு அதுவே பழகிப்போனது. எனக்குக் காது முக்கால்வாசி போய்விட்டதால் அது வசதியாகவும் இருந்தது.

அந்தப் பாஷையைத்தான் வாண்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் கையைக் காட்டுவேன், அவள் பிடித்துக்கொள்வாள். அப்படிக் கூர்மையாகப் பார்க்கிற குழந்தையை நான் கண்டதில்லை. சிவப்பு மூடி என்றால் உதட்டைத் தொடுவேன், மஞ்சள் என்றால் சுவரைக் காட்டுவேன். எட்டு டப்பாவையும் கலைத்துப் போட்டால் நான் இரண்டாவது மூடியைத் தேடுவதற்குள் அவள் ஐந்தை மூடியிருப்பாள். அம்மா அறைக்குள் வந்தால் தோளில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். சூப்பர்வைசர் வருகிறாராம். அன்று நான் சிரித்த சிரிப்பில் பல்செட்டே கழன்றது.

வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் காட்டினாய். அவர்கள் எனக்கு 'விளையாட்டு வாத்தியார்' என்று பெயர் வைத்திருப்பதாக எழுதினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆணி அடித்தவனை யார் இதுவரை வாத்தியார் என்று சொன்னார்கள்? போன் கடையில் இருக்கும் பெண்ணிடம் கேட்டு, வீடியோவுக்குப் பின்னால் இசை சேர்க்கப் பழகிக்கொண்டேன். முதலில் அழகுக்காகத்தான் சேர்த்தேன். சத்தியமாக அழகுக்காகத்தான். ஆனால் அந்த இசைக்கு அடியில் குழந்தையின் குரல் இல்லை என்பது உனக்குத் தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் பற்றியும் சொல்ல வேண்டும். நீ திரையில் வந்து, கண்ணு எங்கே, மூக்கு எங்கே என்று கேட்பாய். வாண்டு கண்ணைத் தொடுவாள், மூக்கைத் தொடுவாள். நீ பூரித்துப்போவாய். அப்போதெல்லாம் நான் போனுக்குப் பின்னால், உன் பார்வைக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்டதை அம்மா எனக்குச் சைகையில் சொல்வாள். நான் என் கண்ணைத் தொடுவேன், அவள் தன் கண்ணைத் தொடுவாள். ஆடு என்று நீ சொன்னால் நான் இடுப்பை ஆட்டுவேன். எழுபது வயதில். போன் சத்தம் குழந்தைக்குப் போதவில்லை, நடுவில் நின்று எடுத்துச் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு மாலை, பரணிலிருந்து அந்தப் பெரிய அலுமினிய அண்டாவின் மூடி நழுவி விழுந்தது. வாண்டுக்கு இரண்டடி பின்னால், சமையல் மேடைமேல். எனக்கே கேட்டது என்றால் எப்படிப்பட்ட சத்தம் என்று நினைத்துக்கொள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஊசியும் கையுமாக ஓடி வந்துவிட்டாள். வாண்டு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. தையல்காரம்மா என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். "பெரியவரே, பாப்பா திரும்பவே இல்லையே" என்று என் காதருகே வந்து சொன்னாள்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் வேலையைப் பார், ஊர்க் குழந்தைக்கெல்லாம் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நியாயம்தான்.

அவள் போன பிறகு வாண்டுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினேன். திரும்பவில்லை. கரண்டியால் தட்டை அடித்தேன். திரும்பவில்லை. கடைசியில் தரையில் காலை ஓங்கி உதைத்தேன். சட்டென்று திரும்பிச் சிரித்தாள். காது கேட்கிறது, விளையாட்டு மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

தரை அதிர்ந்தால் யாருக்கும் தெரியும். தொழிற்சாலையில் ஒருவரை ஒருவர் அப்படித்தானே கூப்பிட்டோம். முப்பத்தோரு வருஷம் தரையை உதைத்து ஆள் கூப்பிட்ட எனக்கா அது தெரியாது? தெரிந்தேதான் உதைத்தேன். அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது. இதுதான் நீ கேட்டதற்குப் பதில்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அந்த இடைவெளியில் நீ அங்கிருந்து ஒரு படிவம் நிரப்பும்போது, பத்து வார்த்தையாவது பேசுகிறாளா என்று எழுதிக் கேட்டாய். முப்பதுக்கு மேல் என்று பதில் அனுப்பினேன். கையால் சொல்வதையெல்லாம் எண்ணிக்கொண்டேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ என்ன கேட்டாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். வாத்தியார் பட்டத்தை இழக்க மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. உன் இரண்டு வயதில் நான் உன்னோடு ஒரு நாள்கூடத் தரையில் உட்கார்ந்து விளையாடியதில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து விழுந்து தூங்குவேன். நீ சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பாய். உனக்குக் கொடுக்காததை உன் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தேன். அதிலும் கோளாறு என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

*

கண்ணு, அம்மா எழுதுகிறேன். உங்கப்பா பால் வாங்கப் போயிருக்கிறார். தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனால் படிக்க மாட்டேன் என்று நினைப்பு.

எல்லாப் பழியையும் அவரே தூக்கிச் சுமக்கிறார். அப்படி விட எனக்கு மனசில்லை. எனக்கு அவருக்கு முன்பே சந்தேகம். எனக்கு இடது காது ஓரளவு நன்றாகவே கேட்கும். சமையலறையிலிருந்து வாண்டை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். நான் கண்ணில் பட்டால்தான் வருவாள். ஒருநாள் அவரிடம் சைகையில் சொன்னேன். அவர் தோளில் இரண்டு விரலை வைத்துச் சிரித்தார். நான் சூப்பர்வைசராம். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் மட்டும் நான்கு தடவை உன்னை அழைத்தேன். நான்கு தடவையும், வீட்டு வாடகை ஏறிவிட்டது, உனக்குத் தலைவலி என்றுதான் பேச்சு போனது. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். திட்டினால் இருவரையும் சேர்த்துத் திட்டு.

அவர் வரும் சத்தம் கேட்கிறது. வைக்கிறேன்.

*

அம்மா எழுதியதைப் படித்தேன். கிழித்துப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இருக்கட்டும்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போன கதை. நாங்களாகப் போகவில்லை. போன சனிக்கிழமை வாண்டும் நானும் தெருவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பெரியது, சிறியது என்று பிரித்து வைக்கும் விளையாட்டு, உன் தாளில் ஒன்பதாவது. தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்திருக்கிறது. ஹார்ன் அடித்திருக்கிறான், கிளீனர் கத்தியிருக்கிறான். நாங்கள் இருவரும் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கை வந்து குழந்தையைத் தூக்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். தையல்காரம்மா. பேசாமல் இருந்தவள், செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறாள்.

டிரைவர் இறங்கி வந்தான். உன் வயதுதான் இருக்கும். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினான். "உனக்குத்தான் கேக்கல. அந்தப் புள்ளைக்குமா கேக்கல?"

தெருவே நின்று பார்த்தது. தையல்காரம்மாதான், ஆமாம் தம்பி, இரண்டு பேருக்கும் கேட்காது என்று எனக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள். வெளியே ஒருவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குத் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தும்விட்டேன். வாண்டு வந்து என் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்தினாள். எந்திரத்தை நிறுத்தச் சொல்கிறாள். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்த பெண் நல்ல பொறுமைசாலி. வார்த்தை எத்தனை தெரியும் என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்று அம்மா சொன்னாள். செய்து காட்டச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வரும்போது பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வாண்டு தோளில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை எச்சரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டரே சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்த பிறகு சொன்னதையும் எழுதுகிறேன். அவளுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. பார்க்க, கேள்வி கேட்க, முறை வைத்து விளையாடத் தெரிந்திருக்கிறது. கையில் பாஷை இருப்பதால் வாயிலும் வரும் என்று நம்பலாம். நீங்கள் விளையாடியது வீண் போகவில்லை. ஆனால் ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால் ஐந்து மாதம் முன்பே கேட்டிருப்பாள், அந்தக் காலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் காதுதான் குழந்தைக்கு வந்துவிட்டதா என்று அம்மா கேட்டாள். எந்திரச் சத்தத்தில் போன காது பேத்திக்குப் போகாது, இது வேறு, காரணம் தெரியவில்லை என்றார். அது ஒன்றுதான் ஆறுதல்.

காது மெஷினுக்கு அளவு எடுத்தாயிற்று. பத்து நாளில் வரும். வீட்டில் பெரியவர்களும் மாட்டிக்கொண்டிருந்தால்தான் குழந்தை பிடுங்கி எறியாது என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். பதினைந்து வருஷமாக நீ கெஞ்சிக் கேட்டதை, கிழவனாகிவிட்டேனா என்று தட்டிக்கழித்தவன் நான். அன்றே மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் இத்தனை சத்தம் இருப்பது எனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் முனகுகிறது. என் செருப்பு தேய்கிறது. அம்மா பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே என்னைத் திட்டிக்கொள்கிறாள்.

மறுநாள் போனை எடுத்தேன். வாண்டுக்காக நீ வாரம் தவறாமல் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் நானும் அவளும் அப்போதைக்கு அப்போது 'கேட்டிருக்கிறோம்'. போனை நடுவில் வைத்து, இருவரும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவேன். போனை அம்மாவிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. இப்போது முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு அனுப்பியது ஒன்று. "அப்பா, இது வாண்டுக்கு இல்ல, உங்களுக்கு. அவ ஏன்ப்பா ஒரு தடவகூட அம்மான்னு சொல்லல? டாக்டர்கிட்ட காட்டலாமா? நேர்ல கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னுதான் இதுல கேக்கறேன்."

அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

மகளே, அண்டா மூடி விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே நீ கேட்டிருக்கிறாய். காட்டியாயிற்று, ஒன்றும் இல்லை என்று அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு அப்பாவை நம்பியிருக்கிறாய். எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறாயே, உனக்கல்லவா முதலில் தெரிந்திருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

பதினெட்டாம் தேதி வந்து அவளை அழைத்துக்கொண்டு போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். சரிதான். பேச்சுப் பயிற்சி அங்கே நல்லபடியாகக் கிடைக்கும் என்று டாக்டரும் சொன்னார். துணிமணி எல்லாம் எடுத்து வைக்கிறோம். எட்டு டப்பாவையும் மூடியோடு கட்டி வைத்திருக்கிறேன், முடிந்தால் கொண்டுபோ. இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. அவளுடைய நாற்பத்தொரு வார்த்தையையும் எனக்குத் தெரிந்த அளவில் கை வரைந்து எழுதியிருக்கிறேன். வந்து இறங்கும் அன்று நீ அவளுக்கு அந்நியமாகத் தெரியக் கூடாது. அதில் பன்னிரண்டாவது சைகையை மட்டும் கவனித்துப் பார். அது தொழிற்சாலைச் சைகை இல்லை, நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, அவளே வைத்துக்கொண்டது. உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரிப்பாள். போன் திரை அது. அதற்கு அர்த்தம் அம்மா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது உன்னைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று. உன் மெசேஜ்களில் உன் குரல் எவ்வளவு தணிவாக இருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. என் மகள் சத்தக்காரி, வாயைத் திறந்தால் ஊரே கேட்கும் என்று உன் கல்யாணத்தில்கூட எல்லோரிடமும் கேலி செய்தேன். சின்ன வயதிலிருந்து நீ என்னிடம் மட்டும்தான் கத்திப் பேசியிருக்கிறாய்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குழந்தை வாய் நிறையப் பேச வேண்டும். பதினெட்டாம் தேதி வாசலிலேயே நிற்பேன், மெஷினைக் கழற்ற மாட்டேன். நீ என்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கும். கத்த வேண்டாம் அம்மா. மெதுவாகவே திட்டு. எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா